எல்லாத் திருகும் நேராக

இது அந்தச் சத்தம் இல்லை. என் பிள்ளை நாச்சி, மியூசிக் மெஷின் ஸ்டாண்டின் காலைப் பிடித்து எழுந்து நின்று எச்சில் கையால் ஒரு வெள்ளைக் கட்டையை அடித்ததும் ஸ்பீக்கரில் பீங் என்று வந்தது, வெறும் பீங், லாரி பின்னால் வரும்போது கத்துமே அந்த மாதிரி, மேடும் இல்லை பள்ளமும் இல்லை. என் கையில் ஈரத்துணி. விரலில் குங்குமம். இப்போதுதானே துடைத்தேன், வெள்ளிக்கிழமை என்று, எட்வின் சார் வரப்போகிறார் என்று, மெஷின் இப்படி அழுக்கும் பிசுக்குமாக இருந்தால் இந்த வீட்டில் ஒரு பொம்பளை இருந்து என்ன செய்கிறாள் என்று நினைத்துவிடுவாரே என்று, ரேடியோவில் இருக்குமே அந்த மாதிரித் திருகுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, இடுக்கில் நகம் கொடுத்து, சுற்றிச் சுற்றித் துடைத்தேன். துடைத்ததோடு விட்டேனா, ஒவ்வொரு திருகின் தலையிலும் இருக்கிற வெள்ளைக் கோட்டை நேர் மேலே பார்க்க வைத்தேன், கேஸ் அடுப்பைத் துடைத்தபிறகு வைக்கிற மாதிரி, வரிசையாக, பார்க்கவே லட்சணமாக. நடுவில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். மெஷினும் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது, எனக்கே சிரிப்பு வந்தது. இன்னொரு தடவை அடி கண்ணு. பீங். வேற கட்டை. பீங், கொஞ்சம் கீழே. முந்தாநாள் இவர் கண்டுபிடித்த சத்தம் இந்தத் திருகுகளில்தான் இருந்தது. அது ஒவ்வொன்றும் கோணலாக, ஒன்று இங்கே பார்த்து ஒன்று அங்கே பார்த்து நின்றதே, அந்தக் கோணல்தான் அது.

எட்வின் சாரை மெட்ரோ ஸ்டேஷனில் இருந்து கூட்டிவர இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சினிமாவுக்கு மியூசிக் போடுகிற எட்வின் சார் எங்கள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, எங்கள் மாடிப்படி ஏறி வரப்போகிறார், இந்த ஒரு சத்தத்தைக் கேட்பதற்காக. பிடித்துவிட்டால் கூடவே வைத்துக்கொள்கிறேன் நாயகம் என்று சொல்லியிருக்கிறார். பிடிக்காவிட்டால் மறுபடியும் கல்யாண மேடை, பந்திக்கு நடுவில் யார் யாரோ துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிற பாட்டு. அது கேவலம் என்று நான் சொல்லவில்லை, அந்த மேடைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் மேடையிலிருந்து வருகிற அன்றைக்கெல்லாம் இவர் காதைக் குடைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், உள்ளே எதுவோ மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிற மாதிரி. இந்தப் பழைய மெஷின் வந்தபிறகு குடையவில்லை. மூடிப்போன ஒரு ரிக்கார்டிங் தியேட்டரில் துணி போட்டு மூடிக் கிடந்ததாம். கொண்டுவந்து பிரித்துப் போட்டார், ஸ்க்ரூ சமையலறை வரைக்கும் உருண்டு வந்தது, நாச்சி வாயில் போட்டுவிடுவாளோ என்று நான் நாளெல்லாம் தரையையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். அதற்குப் பக்கத்திலேயே மேடைக்குக் கொண்டுபோகிற புது கீபோர்டு, கறுப்பாக, வழவழவென்று. அதையும் வெள்ளிக்கிழமை தவறாமல் நான்தான் துடைக்கிறேன். துடைக்கும்போது அதில் எது நகர்ந்தாலும், நாச்சி எதை அமுக்கிவைத்தாலும் ஒன்றும் ஆகாது. இவர் வந்து நம்பரைத் தட்டுவார், போன மாதம் வைத்த சத்தம் அப்படியே வந்து நிற்கும். அதனால்தான், அதனால்தான் இதையும் துடைத்தேன். மெஷின் என்றால் ஞாபகம் வைத்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். இதற்கு ஞாபகம் என்று தனியாக ஒன்று கிடையாது. திருகு எங்கே நிற்கிறதோ அதுதான் ஞாபகம். இவர் சொல்லியும் இருக்கிறார். சொன்னபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், காதில் விழுந்தது, கைக்கு வரவில்லை.

அன்றைக்கு நான்தான் கேட்டேன். "ஏங்க, ரெண்டுலயும் கட்டைதான் இருக்கு, ரெண்டையும் அமுக்குனா சத்தம் வருது, பொறவு என்ன வித்தியாசம்?" இவரிடம் கேட்பேன். வேறு ஆள் இருந்தால் கேட்கமாட்டேன், ஏழாவதோடு நின்றவள், கேட்டால் சிரித்துவிடுவார்களோ என்று வாய் தானாக ஒட்டிக்கொள்ளும். "பழசு அனலாக், புதுசு டிஜிட்டல்" என்றார். "பேரையா கேட்டேன்? வித்தியாசத்தக் கேட்டேன்." "ஏட்டி, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்லா" என்று சிரித்துவிட்டுச் சொன்னார், பழசில் கரண்டே ஆடுகிறது, அது ஆடுகிற ஆட்டம்தான் சத்தம், புதுசில் உள்ளே பூராவும் கணக்கு, நம்பர் நம்பராகப் போட்டுக் கடைசியில் சத்தமாக மாற்றித் தருகிறது என்று. எனக்குக் கேஸ் அடுப்பும் கரண்டு அடுப்பும் மாதிரி இருந்தது. கரண்டு அடுப்பில் பொத்தானை அமுக்கினால் நம்பர் ஏறும், ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது, அந்த நம்பரில் நேற்று எப்படி வெந்ததோ இன்றைக்கும் அப்படியே வேகும். கேஸில் அப்படியா, சிம்முக்கும் பெரிய தீக்கும் நடுவில் எத்தனை தீ இருக்கிறது, பால் பொங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் ஒரு தீ, தோசை முறுகுவதற்கு ஒரு தீ, அதற்குப் பெயரும் இல்லை நம்பரும் இல்லை, கை போய் அதுவாக நிற்கும். இதைச் சொன்னேன். இவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத எட்வின் சார்ட்டச் சொல்லப் போறேன்." "ஐயோ, சொல்லிராதீங்க" என்றேன். "அப்ப எதுங்க நெசமான சத்தம்?" என்று விடாமல் கேட்டேன். "ரெண்டும் நெசந்தான். பசிச்சு வந்தவனுக்கு எந்த அடுப்புல வெந்தா என்ன." எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இன்னும் போதவில்லை. இவ்வளவு பயத்திலும் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது பாரேன்.

படத்தில் ஒரு தெருவாம். தண்ணீர் வராத தெரு. குழாயில் தண்ணீர் வரப்போகிறது, இன்னும் வரவில்லை, எல்லாரும் குடத்தோடு நிற்கிறார்கள், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு சத்தம் வேண்டும், நிஜக் குழாயும் வேண்டாம், வயலின் கியலினும் வேண்டாம் என்று எட்வின் சார் கேட்டிருந்தார். புதுசில் தண்ணீர் என்று எத்தனையோ இருந்தது, மழை, அருவி, சொட்டுச் சொட்டாக, கடல். எல்லாமே அழகு. கேட்டால் பெரிய ஓட்டலில் கைகழுவுகிற இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும், குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவள் ஒருத்திகூட அதற்குள் இல்லை. அதனால் பழசுக்கு வந்தார். வாரக்கணக்காக ஊ ஊ என்று என்னென்னவோ வந்துகொண்டிருந்தது, நானும் அதிலேயே சமைத்து அதிலேயே நாச்சிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் நான் உளுந்து களைந்துகொண்டிருக்கும்போது ஒன்று வந்தது. எங்கோ தூரத்தில் காற்று, பிறகு அந்தக் காற்றுக்குள் ஒரு நடுக்கம், நடுக்கம் நம்மை நோக்கி வருகிறது, வந்து, வந்து, திறக்கப்போகிறது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக் குழாயடியில் வைத்துவிட்டேன். குழாய் காய்ந்து கிடந்தது. இவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெடச்சிட்டு கனி" என்றார், குரலே மாறிப்போய். கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கலாமே என்று அப்போதே கேட்டேன். "பதிஞ்சா அதுவும் நம்பராயிரும். சார் வந்து நேர்ல கேக்கட்டும், கரண்டு ஆடுறத." வீம்புதான். எனக்கும் அந்த வீம்பு பிடித்திருந்தது, அதையும் சொல்லவேண்டும்.

போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது, வண்டியில் எடுக்கமாட்டார். எடுக்காததும் நல்லதுதான், எடுத்தால் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் காதில் விழுகிற மாதிரி என்ன சொல்லியிருப்பேன். இவர் திட்டமாட்டார். திட்டினால் தேவலை. பேசாமல் போய் சன்னலோரம் நிற்பார், காதைக் குடைவார். சரி, திருகு, நீயே திருகு, கெட்டது இதற்குமேல் என்ன கெடப்போகிறது. மேலே இங்கிலீஷில் எழுதியிருக்கிறது, எழுத்தைக் கூட்டி வாசிப்பதற்குள் அவர்கள் வந்துவிடுவார்கள். நாச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் வரிசையில் ஒன்றைத் திருகினேன். பீங் என்பது மேலே போய்க் காதைக் குத்திற்று. அது இல்லை. அடுத்தது, அடுத்தது, ஒன்றைத் திருகியதும் ஸ்ஸ் என்று வந்தது. காற்று. இதுதான் காற்று, இதுதான், ஆனால் பக்கத்திலேயே அடிக்கிறது, குக்கரை இறக்கிவைத்த மாதிரி. தூரமாகப் போகவேண்டும். இந்தப் பெரிய திருகை இவர் அடிக்கடி தொடுவார், பார்த்திருக்கிறேன். திருகத் திருக சத்தத்தின் வாயை யாரோ பொத்துகிற மாதிரி உள்ளே போனது, திறந்தால் ஆ என்று வருகிறது, மூடினால் ஊ, ம். நாச்சி ஆ என்று கத்தும்போது அவள் வாயைப் பொத்திப் பொத்தி எடுத்தால் வவவ என்று வருமே, அதேதான். அவள் வாயில் கையை வைத்துச் செய்துகாட்டினேன், அவள் மெஷினைப் பார்த்து வவவ என்றாள். அப்படியானால் பொத்திப் பொத்தி எடுக்கிற கை ஒன்று இதற்குள்ளேயும் இருக்கவேண்டும். தேடினேன். இருந்தது. கீழ் வரிசையில் சின்னது, அதைத் திருகினால் சத்தம் தானாகவே மூடித் திறந்து மூடித் திறந்து ஆடுகிறது, வேகமாகத் திருகினால் தவளை, மெதுவாகத் திருகினால் தூங்குகிற பிள்ளையின் வயிறு. யாரும் தொடாமல் ஆடுகிறது. பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"ஏம்மா கனி, மாடியில என்ன எருமையா கட்டி வச்சிருக்கீங்க?" கீழ் வீட்டு ராஜாத்தியக்கா பாதிப் படியில் நின்று கத்துகிறாள். "இல்லக்கா, மெஷினு." "மெஷினா? நான் உன் வீட்டுக்காரருக்குத்தான் வயித்து வலியோன்னு பாத்தேன்." அவள் சிரிப்பு படியிறங்கிப் போகிறது. எருமை இல்லை அக்கா, தண்ணீர், என்று சொல்லவில்லை, எருமை என்றால் எருமைதான், இன்னும் தண்ணீர் ஆகவில்லை. நடுக்கம் வரவில்லை. மூடித் திறப்பது ஆட்டம், நான் கேட்டது ஆட்டம் இல்லை, அது வேறு. மறந்துவிடக் கூடாது என்று வாயாலேயே அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன், ஹூஊ என்று மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில், ஆனால் மெஷின் வேறொன்று கத்தும்போது என் வாயில் இருப்பதும் அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது, பக்கத்தில் ஒருத்தி வேறு மெட்டில் பாடினால் நம் மெட்டும் போய்விடுகிற மாதிரி. கட்டையிலிருந்து கையை எடுத்தேன். அமைதி. மறுபடி வாயால். அந்த நடுக்கம் எதைப்போல இருந்தது, எதைப்போல, நம் மோட்டாரும் எதிர் வீட்டு மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது உம் என்பது தடித்து மெலிந்து தடித்து மெலிந்து வருமே, ஒன்று ஒரு துளி முந்தி, ஒன்று ஒரு துளி பிந்தி, ஒரே மோட்டார் மட்டும் ஓடினால் அது வராது. அப்படியானால் இதற்குள் இரண்டு இருக்கவேண்டும். ஒரே மாதிரித் திருகு பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கிறதே. நான்தான் இரண்டையும் நேராக வைத்தேன். நேராக வைத்ததால் இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன. ஒன்றை மயிரிழை தள்ளினேன். தடித்தது, மெலிந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. இதற்கு எந்தப் புத்தகத்திலாவது பெயர் இருக்கும். பெயர் தெரியாமலே நான் அதன் வாசலில் வந்து நிற்கிறேன்.

ஆனால் அது இல்லை. பக்கத்தில் வருகிறது, அது இல்லை. அத்தைமுறை வீட்டுக் கல்யாணத்தில் பின்னாலிருந்து பார்த்தால் இவர் மாதிரியே ஒருத்தர் இருந்தார், கையைப் பிடிக்கப் போய்விட்டேன், அந்த மாதிரி. இன்னும் கொஞ்சம் தள்ளினால் வேறொன்று, இந்தப் பக்கம் வந்தால் சற்றுமுன் இருந்ததும் இல்லை. திரும்பி வர முடியவில்லை. வழியில் எத்தனை சத்தம் வந்து போயிற்று, ஒன்று வண்டு மாதிரி, ஒன்று வெந்நீர்ப் பானைக்குள் கேட்கிற மாதிரி, ஒன்று எதைப்போலவும் இல்லாமல், ஐயோ அதைக் கொஞ்சம் வைத்திருக்கலாமே என்று இருந்தது, போய்விட்டது, உலகத்தில் நானும் நாச்சியும் மட்டும்தான் அதைக் கேட்டோம். புதுசில் அப்படி எதுவும் தொலையாது. தொலையாதது நல்லதுதானே. இன்றைக்கு இவர் அதில் வைத்திருந்தால் நான் இப்படி நடுங்க வேண்டியதில்லை, ஒரு நம்பர், முடிந்தது. ஆனால் நம்பருக்கும் நம்பருக்கும் நடுவில் நான் இப்போது போய்வந்த இடமெல்லாம் அதில் உண்டா? இருக்குமோ என்னவோ, உள்ளே சின்னச் சின்னதாக நம்பரை வெட்டினால் நடுவு தெரியாமல் போகுமோ, அரிசியை உடைத்து உடைத்துக் கடைசியில் மாவாக்கிவிட்டால் எங்கே மணி எங்கே இடைவெளி? இவரிடம் கேட்கவேண்டும். கேட்கிற மாதிரி இருந்தால். புதுசுப் பக்கம் பார்க்கிறேன். அதில் ஏதாவது ஒன்றைத் தட்டி வைத்துவிட்டு, இது பழுதாகிவிட்டது என்று சொன்னால். இல்லாவிட்டால் நாச்சி. நாச்சி திருகிவிட்டாள் என்று சொன்னால் யார் என்ன சொல்லப் போகிறார்கள், பிள்ளைதானே, எட்வின் சார்கூடக் கன்னத்தைக் கிள்ளிச் சிரிப்பார். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, நான் இல்லை அம்மாதான் என்று சொல்லப் போவதில்லை. இடுப்பிலிருந்து இறங்கி நின்று, மெஷினின் சூட்டுக்கு அதன்மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருக்கிறாள். கன்னத்தில் என் குங்குமம் ஒட்டியிருக்கிறது.

வண்டிச் சத்தம். நின்றுவிட்டது. செருப்புகள் படியேறுகின்றன, இரண்டு மாதிரி, ஒன்று இவருடையது. சமையலறைக்குள் போய்விடலாம், காப்பி போடுகிற மாதிரி நின்றுகொள்ளலாம், யார் வந்தாலும் நான் அங்கேதானே நிற்பேன். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே நின்றேன். எட்வின் சார் உயரமாக, தலையைக் குனிந்து உள்ளே வந்தார். "ஓ, இதுதானா, பொட்டெல்லாம் வச்சு, பிரமாதம்பா, மாப்பிள்ள மாதிரி உக்கார வச்சிருக்கீங்க" என்று பேசிக்கொண்டே தரையில் சம்மணம் போட்டார். இவர் மெஷினைப் பார்த்தார். திருகுகளைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல வெளுத்தது, பிறகு குனிந்து ஒரு கட்டையை அமுக்கினார். தடித்து மெலிந்து வேறு எதுவோ வந்தது. நாச்சியின் கன்னத்தைப் பார்த்தார். "பாப்பா கை வச்சிட்டாளா கனி?" என்றார். அப்படி மெதுவாகக் கேட்டார். வைத்துவிட்டாள் என்று சொல்லிக்கொள் என்று எனக்கு ஒரு பலகை போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. அதில் ஏறி நடந்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். "இல்ல. நான்தான். தொடச்சேன். எல்லாத்தையும் நேரா வச்சிட்டேன்." என் குரல் எனக்கே கேட்டது, சின்னதாக இருந்தாலும் கேட்டது. இவர் சன்னல் பக்கம் போகவில்லை. மெஷினுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எப்டி வச்சிருந்தேன்னு எனக்கே ஞாபகமில்ல" என்று சொன்னார், என்னிடமா, அவரிடமா. கை ஒரு திருகுக்குப் போய் அங்கேயே நின்றது. "பரவால்லப்பா, அனலாக்னாலே இதான் தொல்ல, போனது போனதுதான், எங்கிட்ட இப்படித்தான் ஒரு தடவ..." என்று எட்வின் சார் ஆரம்பித்தார், நல்ல மனுசன், ஆறுதலுக்குத்தான் பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார், டிஜிட்டலில் இதே மாதிரி ஒன்று செய்துவிடலாம் என்கிறார், அவர் பேசப் பேச என் தொண்டையில் நான் பிடித்து வைத்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக அவர் குரலின் பக்கம் சாய்கிறது, இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் போய்விடும், அப்புறம் எங்கேயும் இருக்காது, மெஷினிலும் இல்லை என்னிடமும் இல்லை. "சார்" என்றேன். அவர் நிமிர்ந்தார். "செத்த நேரம் பேசாம இருங்க சார்." முகம் தீயாக எரிகிறது, எரியட்டும். வாயைத் திறந்தேன். காற்று முதலில், தூரத்தில். ஹூஊ. இவர் பெரிய திருகை மூடிக்கொண்டே வந்தார். "இன்னும். இன்னும் தூரமா." மூடினார். "இப்ப நடுக்கம், அது ஆட்டம் இல்ல, ரெண்டு மோட்டார்" என்று சொல்லி, அந்த இடத்தைத் தொண்டையில் அப்படியே நிறுத்திப் பிடித்தேன், மூச்சு முட்ட. இவர் இரண்டு திருகில் ஒன்றைத் தொட்டார். வந்தது. "இது இல்லங்க" என்றேன். மயிரிழை தள்ளினார். "இல்ல." எட்வின் சார் மூச்சுவிடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர் மறுபடி தள்ளினார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அங்கதான். கைய எடுக்காதீங்க."